அறுபத்து மூன்றாம் வீட்டின் பதில்கள்

விஜயராணிக்குக் கதவு தட்டுவதுதான் வேலை. பதினான்கு வருடமாக அதைத்தான் செய்துவருகிறாள். குடிநீர் இணைப்புக் கணக்கெடுப்பு, கொசு ஒழிப்பு, யார் வீட்டில் கழிப்பறை இருக்கிறது என்கிற கணக்கெடுப்பு. நடுவில் எட்டு மாதம், ஒரு சோப்புக் கம்பெனிக்காக ‘நீங்க எதுல துணி துவைக்கிறீங்க’ என்று கேட்டுக்கொண்டு அலைந்தாள். திருச்சியில் அவள் நிற்காத வாசல் குறைவு.

பிறந்தது ஜீயபுரத்தில், வாழை விவசாயி வீட்டில். பிளஸ் டூ முடித்த கையோடு பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் வீரமலைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மகள் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்த பிறகு பகலில் வீடு வெறிச்சென்று இருந்தது. யாரோ கணக்கெடுப்புக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போனாள். மகள் இப்போது ஓசூரில் வேலைக்குப் போகிறாள். விஜயராணிக்கு நாற்பத்தேழு வயது.

இந்த வேலையில் அவளுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. வாசலுக்கு நேராக நிற்கமாட்டாள். ஓரமாக ஒதுங்கித்தான் நிற்பாள். கதவு திறந்ததும் பார்வை வீட்டுக்குள் போகாது, திறந்தவர் முகத்தோடு நின்றுவிடும். முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பாள். தண்ணீர் கொடுத்தவர்கள் பதிலும் கொடுப்பார்கள் என்பது அவளே கண்டுபிடித்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கேட்காமல் எதையும் எழுதியதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பத்து வீட்டுக்கு ஒரே கையில் டிக் அடிப்பதைப் பார்த்திருக்கிறாள். யாரையும் எதுவும் சொன்னதில்லை. தான் மட்டும் செய்ததில்லை.

போன வருடம் ஏப்ரலில் மாலினி மேடத்தின் வேலை வந்தது. மாலினி ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள், முப்பத்தெட்டு வயது இருக்கும். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்குப் பின்னால் இருக்கும் ஒரு நீளமான தெருவைத் தேர்ந்தெடுத்திருந்தாள். நூற்று நாற்பத்திரண்டு வீடுகள். அதையும் சுற்றியுள்ள நான்கு தெருக்களையும் ஐந்து பேர் பிரித்துக்கொண்டு, வருடத்தில் மூன்று முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். வெளியூர் போனால் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பீர்கள்? திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்? போன மாதம் யாருக்கு என்ன உதவி செய்தீர்கள்? தெருவில் யாராவது வாக்குத் தவறினால் மறுபடி அவரை நம்புவீர்களா?

முதல் நாள் பயிற்சியில் மாலினி ஒரு பெரிய திரையைக் காட்டினாள். கறுப்பில் நிறையப் புள்ளிகள்.

“இந்தத் தெருவையே கம்ப்யூட்டருக்குள்ள கட்டப் போறோம். ஒரு வீடு, ஒரு புள்ளி. யார் யாரை நம்பறாங்களோ அவங்களுக்கு நடுவுல ஒரு கோடு. ஒவ்வொரு புள்ளியும் தன்னோட கோட்டுல இருக்கறவங்களைப் பாத்துக்கிட்டே இருக்கும். அவங்க நேர்மையா நடந்தா இதுவும் நடக்கும். அவங்க ஏமாத்தினா இதுவும் மெல்ல மாறும். அப்படியே பத்து வருஷம், இருபது வருஷம் ஓட்டிப் பாக்கலாம். நம்பிக்கை எங்கிருந்து கிளம்புது, எப்படிப் பரவுது, எங்க போய் நின்னுடுதுன்னு தெரியும்.”

விஜயராணி கையைத் தூக்கினாள். “மனுஷங்க யாரை நம்புவாங்கன்னு கம்ப்யூட்டருக்கு எப்படி மேடம் தெரியும்?”

“அதுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நீங்க கேட்டு வந்து சொல்றதுதான் அதுக்குத் தெரியும்.”

அந்தப் பதில் விஜயராணிக்குப் பிடித்துப்போயிற்று. அன்று சாயங்காலம் வீரமலையிடம் இரண்டு தடவை சொன்னாள்.

நீளத் தெரு அவள் பங்குக்கு வந்தது. தினமும் காலையில் பொன்மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கம் வருவாள். பத்து மணிக்குத் தெருவில் நுழைந்தால் ஒரு மணி வரை. அதற்கு மேல் மே மாத வெயிலில் நடக்க முடியாது, வீட்டிலிருப்பவர்களும் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். கையில் ஒரு டேப்லெட். அதில் தெருவின் படம். முடித்த வீடு பச்சை, முடிக்காத வீடு சிவப்பு.

மே இருபத்தெட்டாம் தேதி நூற்று நாற்பத்தொரு வீடு பச்சையாகிவிட்டது. அறுபத்து மூன்றாம் நம்பர் மட்டும் சிவப்பு. பழைய வீடு, தெருவைப் பார்த்த ஒற்றை ஜன்னல், அதில் எப்போதும் துணித்திரை, கதவில் வெளியே தொங்கும் பூட்டு. ஆறு தடவை போய்விட்டாள். ஆறு தடவையும் பூட்டு. ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுத டேப்லெட்டில் இடமில்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டால்தான் புள்ளி பச்சையாகும். முப்பதாம் தேதிக்குள் முடிக்க வேண்டும். அன்று மத்தியானம் ராஜகோபுரம் பஸ் ஸ்டாப்பில் நிழலுக்கு ஒதுங்கி நின்றபோது தலை சுற்றியது. டேப்லெட்டைத் திறந்தாள். அந்தச் சிவப்புப் புள்ளி அவளையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

ஏழு நிமிடம்தான் ஆயிற்று.

எழுதும்போதுகூட அந்த வீட்டை ஒரு நல்ல வீடாக எழுதினாள். முகம் தெரியாத அந்த மனிதர்களுக்குக் குறையாக எதையும் எழுத மனம் வரவில்லை. சாவியை யாரிடம்? பக்கத்து வீடு, அறுபத்து நான்கு. உடம்புக்கு முடியாவிட்டால்? அறுபத்து நான்கு. உதவி செய்தது? எதிர்வரிசையில் மூன்று வீடு, தெருக்கோடியில் இரண்டு. வாக்குத் தவறியவரை மறுபடி நம்புவீர்களா? நம்புவோம். புள்ளி பச்சையானது. பஸ் வந்தது, ஏறினாள். பாலம் தாண்டும்வரை காவிரியைப் பார்க்காமல் மடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை மாதம் மாலினி அவளைக் கூப்பிட்டனுப்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

“விஜயராணிக்கா, உங்க தெருவை ஓட்டிப் பாத்தேன். இங்க வந்து பாருங்க.”

திரையில் தெரு விரிந்தது. இந்தத் திரையில் பச்சை என்றால் நம்பிக்கை. மேற்குக் கோடியில் ஒரு புள்ளி பச்சையாக மாறியது, பிறகு அதன் பக்கத்தில் ஒன்று, பிறகு மூன்று. பச்சை மெல்ல நகர்ந்து தெருவின் நடுவில் வந்து தயங்கியது. கிழக்குப் பாதி முழுக்கச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அப்புறம் ஒரே ஒரு புள்ளி வழியாகப் பச்சை அந்தப் பக்கம் தாண்டியது. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கப் பச்சை.

“பாத்தீங்களா? ரெண்டு பாதிக்கும் நடுவுல இந்த ஒரு வீடுதான் பாலம். இவங்க இல்லேன்னா அந்தப் பாதிக்கு எதுவுமே போகாது. ஒரு நல்ல குடும்பம் ஒரு தெருவை மாத்த முடியுதுக்கா. இதைத்தான் பெங்களூர் கான்ஃபரன்ஸ்ல பேசப் போறேன்.”

“எந்த வீடு மேடம்?” என்று கேட்டாள் விஜயராணி.

“அறுபத்தி மூணு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மாலினியின் சிரிப்பைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். இன்னொரு விஷயத்தையும் மாலினி சொன்னாள். யாரையும் கூப்பிட முடியாத நிலையில் தனியாக இருக்கும் வீடுகளைத் தெருச் சங்கத்தார் கேட்டிருந்தார்கள். வீட்டுக்காரர்களிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு ஒன்பது வீடுகளின் பெயரைக் கொடுத்திருந்தாள். வாரம் ஒருமுறை யாராவது போய் எட்டிப் பார்ப்பார்களாம். அந்தப் பட்டியலில் அறுபத்து மூன்று இல்லை.

செப்டம்பரில் இரண்டாவது சுற்று. விஜயராணி தெருவின் இரண்டு கோடியிலிருந்தும் வேலையை முடித்துக்கொண்டு வந்தாள். அறுபத்து மூன்று கடைசியில்தான் மிஞ்சும்படி பார்த்துக்கொண்டாள். போனபோது பதினொன்றரை மணி. கதவில் அதே பூட்டு.

திரும்பப் போனவளை ஒரு குரல் நிறுத்தியது.

“எந்த நம்பர் வேணும்?”

ஜன்னல் திரை விலகியிருந்தது. கம்பிகளுக்குப் பின்னால் ஒரு அம்மாள். அறுபது வயது இருக்கும். தலை நன்றாகச் சீவிப் பின்னியிருந்தது, நெற்றியில் பொட்டு, புடவை மட்டும் தோளில் நிற்காமல் நழுவியிருந்தது. ஒரு கையைக் காதோரம் வைத்திருந்தாள்.

விஜயராணி பூட்டைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஆறு தடவையும் உள்ளே ஆள் இருந்திருக்கிறது.

“அம்மா, வீட்ல வேற யாரும் இல்லீங்களா?”

“அதெல்லாம் கேக்கப்படாது. எக்ஸ்சேஞ்ச் இது. எந்த ஊருக்குப் போடணும், சொல்லுங்கோ.” குரலில் அதட்டல் இல்லை. நாள் முழுக்க நூறு பேருக்குப் பதில் சொன்ன பழக்கத்தில் வரும் நிதானம் இருந்தது.

விஜயராணி வாயில் வந்ததைச் சொன்னாள். “ஜீயபுரம்.”

“ஜீயபுரத்துல யாரு?”

“எங்க அப்பாங்க.”

“லைன்ல இருங்கோ.” அந்த அம்மாள் காற்றில் எதையோ எடுத்து எதிலோ செருகினாள். கண்ணை மூடிக் காத்திருந்தாள். விஜயராணியும் காத்திருந்தாள். அப்பா போய் ஒன்பது வருடமாகிறது. அந்த அரை நிமிடத்தில் அவர் எடுத்துவிடுவார் என்றே தோன்றிற்று.

“எடுக்கலை. தோட்டத்துக்குப் போயிருப்பார். நான் அப்புறம் போட்டுத் தரேன்,” என்றாள் அந்த அம்மாள். பிறகு சட்டென்று அந்த நிதானம் கலைந்து முகம் குழந்தை முகமானது. “ரொம்ப தாகமா இருக்கு. ஜலம் எங்க வச்சிருக்குன்னு தெரியலை.”

விஜயராணி தன் பாட்டிலைக் கம்பிக்கு இடையில் நீட்டினாள். அவள் குடித்து முடிக்கும்வரை பாட்டிலின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அங்கிருந்து போக முடியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் நாகர்கோவிலுக்கும் பம்பாய்க்கும் லைன் போட்டாள். ஒன்றேமுக்கால் மணிக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது.

இறங்கியவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. நெற்றியில் மெல்லிய திருமண். கையில் மருந்துக் கடைப் பை. படியில் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் இறுகியது.

“யார் நீங்க? என்ன வேணும்?”

“சர்வேக்கு வந்தேன் சார். அம்மா தண்ணி கேட்டாங்க…”

அவர் அவசரமாகப் பூட்டைத் திறந்தார். சாவி இரண்டு தடவை வழுக்கியது. உள்ளே போய் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, புடவையைச் சரிசெய்து, தண்ணீர் கொடுத்தார். பிறகுதான் வாசலுக்கு வந்தார். கோபம் போய்விட்டிருந்தது. அதைவிடக் கஷ்டமான ஒன்று முகத்தில் இருந்தது.

“தப்பா நினைச்சுக்காதீங்கோ. அடைச்சு வைக்கணும்னு இல்லை. திறந்திருந்தா கிளம்பிப் போயிடறா. ஒருநாள் கொள்ளிடக் கரைவரைக்கும் போயிட்டா. டூட்டிக்கு லேட்டாயிடுத்துன்னு சொல்லிண்டு.”

அவர் பெயர் லக்ஷ்மிகாந்த். மனைவி சத்யபாமா. அவள் இருபது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஞாபகம் போக ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மருந்துக் கடையில் அவருக்குக் காலை வேலை, ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை. அந்த நான்கு மணி நேரம்தான் பூட்டு.

“பக்கத்துல யாருக்கும் தெரியாதா சார்?”

“இந்தாத்துக்கு வந்து ரெண்டு வருஷம் ஆறது. யார்கிட்டயும் போய் நின்னு பழக்கமில்லை. அவளைப் பாத்துச் சிரிச்சுட்டா என்ன பண்றது?” என்றார். பிறகு அவரே, “ஏதோ கேக்கணும்னேளே, கேளுங்கோ,” என்றார்.

விஜயராணி டேப்லெட்டை எடுத்தாள். முதல் கேள்வியைப் படித்தாள்.

“ஒருத்தரும் இல்லை.”

இரண்டாவது கேள்வி.

“ஒருத்தரும் இல்லை. எழுதிக்கோங்கோ, எல்லாத்துக்கும் அதான்.”

மருந்துச் சீட்டைப் படித்துப் படித்துப் பழகிய கண் அவருக்கு. அவள் கையிலிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, போன சுற்றில் சொன்ன பதில் சின்ன எழுத்தில் இருக்கும்.

“வீடு எண் அறுபத்து நாலு,” என்று வாய்விட்டுப் படித்தார். “யார் சொன்னது இதை?”

விஜயராணி டேப்லெட்டை மறைக்கவில்லை.

“நான்தான் சார். நீங்க சொன்னதா நானே எழுதிட்டேன். பூட்டியிருந்துச்சு. முடிக்கணும்னு… பதினாலு வருஷத்துல இது ஒண்ணுதான் சார்.”

திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் டேப்லெட்டைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மே மாதத்துப் பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தார். எதிர்வரிசையில் மூன்று வீடு. தெருக்கோடியில் இரண்டு.

“படிக்க நன்னாத்தான் இருக்கு,” என்றார். “அடுத்தாத்துல சாவி குடுத்துட்டுப் போறவனா இருந்திருக்கேன்.”

சிரித்தமாதிரி இருந்தது. டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பக்கத்து வீட்டில் சொல்லட்டுமா என்று விஜயராணி வாசலில் நின்றே கேட்டாள். உள்ளிருந்தே அவர் வேண்டாம் என்றார். வீட்டில் கேட்டது வெளியே போகாது என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்பாள். அதையாவது மீறக் கூடாது என்று பேசாமல் வந்துவிட்டாள்.

மறுநாள் கல்லூரிக்குப் போய் மாலினியிடம் தான் செய்ததை மட்டும் சொன்னாள். வேலை போய்விடும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். வீரமலையிடமும் சொல்லியிருந்தாள். “போனா போகட்டும், சொல்லிட்டு வா,” என்றிருந்தான்.

மாலினி அறுபத்து மூன்றின் பதில்களைத் திறந்து பார்த்தாள். பிறகு கேட்டாள். “எத்தனை?”

“இது ஒண்ணுதான் மேடம்.”

“அதை நான் எப்படி நம்பறது?”

அந்த வார்த்தை விஜயராணியைக் குத்திவிட்டது. கண்ணீர் வந்தது. துடைக்காமல் நின்றாள்.

மாலினி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அறுபத்து மூன்றாம் புள்ளியின் கோடுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மறுபடி ஓட்டினாள். பச்சை மேற்கிலிருந்து நகர்ந்து வந்தது, தெருவின் நடுவில் நின்றது. நின்றதுதான். பத்து வருடம் ஓட்டினாள், முப்பது வருடம் ஓட்டினாள். கிழக்குப் பாதி சாம்பலாகவே கிடந்தது. நடுவில் எந்தக் கோடும் இல்லாமல் ஒரு புள்ளி தனியாகத் தெரிந்தது. அந்தப் புள்ளிக்குள் யார் இருக்கிறார்கள் என்று அந்த அறையில் விஜயராணிக்கு மட்டும்தான் தெரியும்.

“அந்த வீட்ல யாருக்காச்சும் ஏதாவது ஆகியிருந்தா…” என்று மாலினி ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள். சனிக்கிழமை எல்லோரையும் வரச் சொன்னாள்.

சனிக்கிழமை கணக்கெடுக்கிற ஐந்து பேரும் வந்தார்கள். மாலினி யார் பெயரையும் சொல்லவில்லை. “ஒரு ஃபாரம் வீட்டுக்குப் போய்க் கேக்காம எழுதினதுன்னு தெரியவந்திருக்கு. வேற இருந்தா சொல்லுங்க. யாரையும் வேலையை விட்டு அனுப்பமாட்டேன். அதை மட்டும் நம்புங்க.”

சவரிராயன் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினான். வஹீதா துப்பட்டா நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஜயராணி எழுந்தாள்.

“அது நான் எழுதினதுதான்,” என்றாள். எந்த வீடு என்று சொல்லவில்லை. எந்த பஸ் ஸ்டாப், எத்தனை நிமிடம் என்பதைச் சொன்னாள். உட்கார்ந்தாள்.

“அக்கா, நீங்களா?” என்றான் சவரிராயன். அவனுக்கு அதிர்ச்சி. அவன் இந்த வேலைக்கு வந்த புதிதில் கதவு தட்டக் கற்றுக்கொண்டதே அவளைப் பார்த்துத்தான். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தான். “எனக்கு நாலு இருக்கு மேடம். எந்தெந்த வீடுன்னு குறிச்சுத் தரேன்.”

“எனக்கு ரெண்டு,” என்றாள் வஹீதா. “மூணாவது ஒண்ணு. அந்த வீட்டுப் பெரியவர் பாதிக் கேள்வில தூங்கிட்டாரு. மீதியை நானே போட்டுட்டேன். அது சேருமா மேடம்?”

யாரோ சிரித்துவிட்டார்கள். மாலினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மற்ற இரண்டு பேரும் தங்கள் வீடுகளைச் சொன்னார்கள். பிறகு மாலினி சொன்னாள், “பூட்டியிருந்ததுன்னு எழுத இடம் வைக்காதது நான்தான். காலியா ஒரு வரி வந்தா புரோகிராம் தடுமாறும். அதுக்காக எடுத்துட்டேன். அந்தச் சிவப்பை வச்சதும் நான்தான்.”

அவள் பெங்களூர்க்காரர்களுக்கு எழுதிப் பேச்சை விலக்கிக்கொண்டாள். அதில் அவளுக்கு எவ்வளவு பெயர் கெட்டது என்பது விஜயராணிக்கு முழுதாகத் தெரியாது. கொஞ்ச நாள் அவள் முகம் வாடியிருந்தது, அது தெரியும். ‘பூட்டியிருந்தது’ என்கிற கட்டம் டேப்லெட்டில் வந்தது. அதன் நிறம் மஞ்சள்.

அறுபத்து மூன்றாம் வீட்டில் நடந்ததை விஜயராணி அக்டோபரில்தான் தெரிந்துகொண்டாள். சொன்னவள் அறுபத்து நான்காம் வீட்டு சுபலட்சுமி. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். தெருவில் போன விஜயராணியைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

“நீங்கதானே அந்த சர்வேக்காரம்மா? போன வாரம் இந்த சார் வந்து என் காலிங் பெல்லை அடிச்சாருங்க. ரெண்டு வருஷத்துல மொத தடவை. வந்தவரு ஒண்ணும் பேசாம நிக்கறாரு. அப்புறம், ‘நான் வெளில போறச்சே உங்காத்துல சாவி குடுக்கறதா ஒரு ஃபாரத்துல எழுதியிருக்கு’ங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. ‘யாரு எழுதினா’ன்னேன். ‘அதை விடுங்கோ. குடுக்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன்’னு சொல்லும்போதே அந்த மனுஷனுக்குக் குரல் ஒடைஞ்சிடுச்சு.”

சுபலட்சுமி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்கு என்னங்க வருத்தம்னா, தினமும் செவுத்துக்கு அந்தப் பக்கம் ‘லைன்ல இருங்கோ, லைன்ல இருங்கோ’ன்னு கேக்கும். நாள் பூரா யார் கூடவோ போன்ல பேசறாங்க, பெரிய எடத்து மனுஷங்கன்னு நெனச்சுக்கிட்டேன். நாமளா போய் எப்படிப் பேசறதுன்னு இருந்துட்டேன்.”

இப்போது காலையில் லக்ஷ்மிகாந்த் கிளம்பும்போது பூட்டுவதில்லை. சத்யபாமாவை அறுபத்து நான்கில் கொண்டுவந்து விட்டுப் போகிறார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பழைய பட்டன்களை நிறம் பார்த்துப் பிரித்துப் போடச் சொல்கிறாள் சுபலட்சுமி. சத்யபாமா சில நாள் பிரிப்பாள். சில நாள் எல்லாவற்றையும் கலந்து வைப்பாள். இரண்டு தடவை வாசல் தாண்டிப் போய்விட்டாள். முதல் தடவை எதிர்வீட்டுக்காரர்கள் கூட்டிவந்தார்கள். இரண்டாம் தடவை தெருக்கோடி இஸ்திரிக்காரர்.

அன்று வீட்டுக்கு வந்து விஜயராணி வீரமலையிடம் கேட்டாள். “நான் பொய் எழுதினதாலதான் இதெல்லாம் நடந்துச்சுன்னு வச்சுக்கலாமா? அப்படி நெனச்சா மனசு கொஞ்சம் லேசாவுது. ஆனா அது சரியில்லன்னும் தோணுது.”

வீரமலை யோசித்தான். பணிமனையில் ஒரு போல்ட்டைச் சரிபார்க்கிற மாதிரிதான் எதையும் யோசிப்பான். “அந்தாளு எத்தனை நாளு நெனச்சாரோ, எப்படித் துணிஞ்சாரோ. அதை எதுக்கு நீ எடுத்துக்கற?” என்றான். “சாப்பிடு. ரசம் ஆறுது.”

மூன்றாவது சுற்று நவம்பர் கடைசியில் வந்தது. அடைமழைக் காலம். விஜயராணி சுபலட்சுமியின் வீட்டுக்குப் போனபோது சுபலட்சுமி உள்ளே அடுப்படியில் இருந்தாள். சத்யபாமா மட்டும் முன்னறையில், மடியில் பட்டன் டப்பாவோடு. இந்த இரண்டு மாதத்தில் விஜயராணி பல தடவை வந்துபோய்விட்டாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அன்றும் சத்யபாமா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

கேள்விகளை முடித்துக்கொண்டு விஜயராணி கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வாசலில் தயங்கி நின்றாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

“எங்க போகணும்?” என்றாள் சத்யபாமா பின்னாலிருந்து.

“பொன்மலைம்மா.”

“அவ்வளவு தூரமா? நனைஞ்சுண்டா?” சத்யபாமா பட்டன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். மூலையில் சாய்த்திருந்த கறுப்புக் குடையை எடுத்தாள். லக்ஷ்மிகாந்தின் குடை. காலையில் வெயில் அடித்ததால் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதைக் கொண்டுவந்து விஜயராணியின் கையில் திணித்தாள்.

“எடுத்துண்டு போங்கோ. அப்புறமாக் குடுத்தாப் போறும்.”

“நான் யாருன்னு தெரியுதாம்மா உங்களுக்கு?”

சத்யபாமா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

“தெரியலையே,” என்றாள். “அதுக்கென்ன? மழை பெய்யறதே.”

விஜயராணி குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பாதி தூரம் போனதும், ஒன்றரை மணிக்குக் கடையிலிருந்து திரும்பும் அந்த மனிதர் நனைவாரே என்று நினைப்பு வந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தாள். சத்யபாமா வாசலிலேயே நின்று, போ போ என்று கை காட்டினாள்.